ஊழியமா, தொழிலா என்று கேட்பவர்களுக்கு

மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் செய்வது ஊழியமா, தொழிலா? பனையோலைப் பெட்டி, தேன், துணியில் ரேந்தை (லேஸ்) வேலை என்று மூன்று சிறு தொழில்களையும், மூடிக்கிடந்த ஒரு முந்திரி ஆலையில் இளைஞர்கள் மாலை நேரங்களில் வந்து உட்காரும் ஒரு கூடத்தையும், நானும் என் கணவரும் இரண்டு நண்பர் குடும்பங்களும் சேர்ந்து நடத்தி வருகிறோம். ஊழியம் என்று சொன்னால், பிறகு லாபம் எதற்கு என்கிறார்கள். தொழில் என்று சொன்னால், பிறகு ஜெபம் எதற்கு என்கிறார்கள். இரண்டுக்கும் நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விசுவாசம் எங்களுக்குத் தொழில் யோசனை எதையும் தரவில்லை. யோசனைகள் சந்தையிலிருந்தும், பாட்டிமாரின் கைவேலையிலிருந்தும், ஓரளவு பிழைப்பின் நெருக்கடியிலிருந்தும் வந்தவை. கனவில் வெளிப்பாடு கண்டு கடை திறந்ததாகச் சாட்சி சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. எங்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான். விசுவாசம் எங்கள் தொழிலுக்குள் வந்தது கணக்குப் புத்தகத்தின் வழியாக. யாருக்கு எப்போது பணம் கொடுப்பது, புட்டியின் மேல் என்ன எழுதுவது, எந்த நாளில் கடையைப் பூட்டுவது, எதை அறுவடை செய்யாமல் விட்டுவிடுவது என்ற நான்கு இடங்களில்தான் அது எங்களை உண்மையாகவே நிறுத்திக் கேள்வி கேட்டது.

ஊழியமும் தொழிலும் வேறுவேறு என்ற எண்ணம் குமரி மாவட்டத்தில் எப்படி ஊன்றியது என்பது எனக்குப் புரிவதில்லை. 1819-இல் கணவருடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகள் தங்கிப் படித்த பள்ளியில் எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற அந்த வேலை, திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்த காலத்தில் இங்கே வந்தது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் ரேந்தையில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. அரசு அடிமைமுறையை ஒழித்தது 1855-இல்தான். ஆக, சட்டம் வருவதற்கு முன்பே ஒரு கைத்தொழில் சிலருக்கு அந்த வேலையைச் செய்துவிட்டது. அதை ஊழியம் என்பதா, தொழில் என்பதா?

இதைச் சொல்லும்போது அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கும் ஆசையும் எனக்கு இல்லை. ரேந்தையை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அவர்கள் விருப்பம் மாறினால் இங்கே திண்டு தூங்கியது. பின்னிய பெண்ணுக்குத் தன் வேலை எந்த வீட்டு மேசையில் விரிக்கப்படுகிறது என்று தெரியாது. விலை சொல்லும் இடத்திலும் அவள் இல்லை. தாராள மனம் கொண்டவர்கள் நடத்தினாலும், வாங்குபவரை நேரில் காணாத தொழில் செய்பவர் கையில் நிற்பதில்லை என்பதே அந்த வரலாற்றில் நான் படித்துக்கொண்ட பாடம். இன்று எங்களிடம் ரேந்தை பின்னும் பெண்கள், அதை எந்தக் கல்யாணப் புடவைக்கு, என்ன விலைக்குக் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டுதான் நூலை எடுக்கிறார்கள்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. தக்கலையில் அடங்கியிருக்கும் சூஃபி ஞானி பீர்முகமது அப்பா, ஞானப்பாடல்கள் பாடிய அதே கைகளால் நெசவு செய்து வாழ்ந்தவர் என்பது மரபு. சாமிதோப்பில் அய்யாவழி நெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீரெடுத்துச் சேர்ந்து உண்ணும்படி செய்தது, பக்தியைப் போலவே அன்றாடச் சோற்றையும் தொட்ட காரியம். 1980-களில் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பு முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகு கட்டுவதில் இறங்கியபோது, பூசை வைப்பவர்களுக்குப் படகுத் தொழிலில் என்ன வேலை என்று கரையில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். மரம் விலையேறிக் கட்டுமரம் கட்டுவதே பாடாகிவிட்ட நேரத்தில் அந்தப் படகுகள் பலருக்குக் கடலைத் திரும்பத் திறந்துவிட்டன.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

பனையோலை வேலையில் பழைய வழக்கம் இதுதான்: வீட்டில் இருந்து பெட்டி முடையும் பெண்களிடம் வியாபாரி சரக்கை எடுத்துக்கொண்டு போவார், விற்றபின் பணம் தருவார். விற்காவிட்டால் அடுத்த மாதம். ஏழைக் கூலிக்காரனின் கூலியை அன்றைய பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் அதன்மேல் உயிரை வைத்திருக்கிறான் என்று வேதாகமத்தின் உபாகமம் சொல்கிறது. இந்த வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவள் நான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் கூலி என்று முடிவெடுத்த பிறகுதான், அந்த ஒரு வரிக்கு எவ்வளவு நடைமுறை மூலதனம் வேண்டும் என்பது தெரிந்தது.

நமக்கு இரண்டு பருவமழை. ஆனி ஆடிச் சாரல் ஒன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழை ஒன்று. இந்த மாதங்களில் குருத்தோலை சரியாகக் காயாது. காய்ந்த ஓலையிலும் பூசணம் பிடிக்கும். சாயம் ஏற்றிய ஓலையில் கருப்புப் புள்ளி விழுந்தால் அந்தப் பெட்டியை விற்க முடியாது. ஆகவே தை முதல் வைகாசி வரை நல்ல வெயிலில் ஓலையைக் காயவைத்து, கீறி, சாயம் காய்ச்சி, பெட்டிகளை முடைந்து அடுக்கிவைத்துக்கொள்ள வேண்டும். ஆவணிக்குப் பிறகு வரும் கல்யாணங்களுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவை விலையாகும். இடையில் உள்ள மாதங்களில் முழுப் பணமும் கூலியாகப் போய் அறையில் பெட்டிகளாக உட்கார்ந்திருக்கும். பெருநகரக் கடைகள் இரண்டு மாதக் கடனில் பெரிய அளவில் கேட்டன. கொடுத்திருந்தால் தொழில் இப்போது இருப்பதைப்போல் பல மடங்கு இருந்திருக்கும். வசனத்தைக் காப்பதா, கடைக்காரரைக் காப்பதா என்ற நிலை வந்தபோது நாங்கள் கடனுக்குக் கொடுப்பதை நிறுத்தினோம். நடுவில் என் வளையல்கள் வங்கிக்குப் போய் வந்தன, அது வேறு விஷயம்.

இதில் எதிர்பாராத ஒரு பலன் இருந்தது. எங்களுக்கு முடைந்து தருபவர்களில் மூத்த பாட்டி ஒருவர், மற்ற வியாபாரிகளுக்கு முற்றிய ஓலையில் முடைந்துவிட்டு, எங்களுக்கு மட்டும் இளங்குருத்தைத் தனியாக எடுத்து வைப்பார். காரணம் கேட்டபோது, “நீ வித்தாலும் விக்காட்டாலும் சனியாச்ச எனக்க கையில ரூவா இருக்கும் மக்களே, அதுக்குள்ள மரியாதைய நான் ஓலையில காட்டாண்டாமா?” என்றார். தரக்கட்டுப்பாட்டுக்கு நாங்கள் வேறு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. பனையில் ஏறிக் குருத்து வெட்டித் தருபவருக்கும் அதே சனிக்கிழமைக் கணக்குதான். ஒரு மரத்தில் குருத்தைத் தொடர்ந்து எடுத்தால் பனை மெலிந்துவிடும் என்பதால், எந்த மரத்தை எப்போது விடுவது என்பதை அவர் தீர்மானிக்கிறார். அதில் நாங்கள் வாய் கொடுப்பதில்லை.

தேனில் சிக்கல் கூலியில் இல்லை, புட்டியின் மேல் ஒட்டும் தாளில் இருந்தது. மார்த்தாண்டம் தேனுக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு உண்டு. 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கே கிராமப் புனரமைப்புப் பணியைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாச், உழவர் வீட்டிலேயே சிறிய முதலீட்டில் செய்யக்கூடிய கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு போன்றவற்றைப் பரப்பினார். உதவி என்பது பணமாக அல்ல, பக்கத்திலிருந்து கற்றுக்கொடுப்பதாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த விதையிலிருந்து கூட்டுறவுச் சங்கம் வந்தது. மேற்குக் குமரியில் வீட்டுக் கொல்லையில் தேன்பெட்டி இருப்பது வழக்கமாயிற்று. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற நச்சுயிரி நோய் இந்தியத் தேனீக் குடும்பங்களைக் கூட்டங்கூட்டமாக அழித்தபோது, பெட்டிகள் காலியாகிப் பலர் தொழிலையே விட்டார்கள். தாங்கிநின்ற குடும்பங்களிலிருந்து மெல்ல மெல்லப் பெருக்கியதுதான் இன்றைய தேன்.

இந்தத் தேனில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பதை வெளியூர்க்காரர்கள் அறியமாட்டார்கள். ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தை, மாசி மாதங்களில் புதுத்தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பின் நுனியில் இனிப்புநீர் சுரக்கிறது. அது பூவின் தேன்கூட அல்ல. தேனீ வளர்ப்பவர்கள் அந்தப் பருவத்தில் பெட்டிகளை ரப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். நல்ல தேன்தான், ஆனால் சீக்கிரம் உறைந்து மணல்மணலாகிவிடும், உறைந்ததைக் கண்டவுடன் வாங்கியவர் சர்க்கரைப் பாகு என்று முடிவுகட்டிவிடுவார். கன்னியாகுமரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கேட்பதோ மலைத்தேன். அதே தேனை அழகான புட்டியில் அடைத்து, குன்றும் மூங்கிலும் படம் போட்டு, மலைத்தேன் என்று எழுதினால் கூடுதல் விலைக்குப் போகும். எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் சொல்லப்பட்டது: பொய் ஒன்றும் இல்லையே, ரப்பர்த் தோட்டமும் மலைச்சரிவில்தானே இருக்கிறது!

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகளில் படித்திருக்கிறோம். இன்றைய தராசுகள் மின்னணுத் தராசுகள், முத்திரை வைக்கப்பட்டவை. கள்ளத்தராசு இப்போது புட்டியின் மேல் ஒட்டும் தாளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பது என் கருத்து. நாங்கள் “ரப்பர் தேன்” என்றே அச்சிட்டோம். அதன் கீழே, இது உறையும், உறைந்தால் புட்டியை இளஞ்சூட்டு நீரில் வைத்தால் இளகும், மழைமாதங்களில் தேனீக்களுக்குச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக் காப்பாற்றுகிறோம், அந்த மாதங்களில் தேன் எடுப்பதில்லை என்று நான்கு வரி. முதல் பருவத்தில் வாங்கியவர்கள் குறைவு, கேள்வி கேட்டவர்கள் அதிகம். கேள்வி கேட்டவர்களில் பலர் இப்போது ஆண்டுதோறும் சொல்லிவைத்து வாங்குகிறார்கள். எங்கள் உண்மைக்குக் கடவுள் கொடுத்த பரிசு இது என்று நான் எழுதமாட்டேன். உண்மை எழுதி நட்டப்பட்டவர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. வசனத்தின்படி நடந்தால் வருமானம் இரட்டிப்பாகும் என்று மேடை போட்டுச் சொல்லும் கூட்டங்கள் எங்கள் பக்கத்தில் பெருகியிருக்கின்றன. அப்படிப்பட்ட நம்பிக்கையோடு நிதி நிறுவனங்களில் சேமிப்பைக் கொட்டிவிட்டு இழந்த குடும்பங்களை நான் நேரில் அறிவேன். ஆசீர்வாதத்தை வட்டி விகிதமாக மாற்றிச் சொல்பவர்களிடம் எனக்கு எந்தப் பொறுமையும் இல்லை.

ஞாயிறு விடுமுறையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுலா ஊரை நம்பியிருக்கும் தொழிலில் ஞாயிறு பூட்டுவது பெரிய நட்டம். பூட்டுகிறோம். எங்களில் ஒரு குடும்பத்துக்கு இதில் இன்றும் உடன்பாடில்லை.

இனி கூடம். அது பழைய அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை. என் பாட்டி அங்கே அண்டி தல்லியவர், முந்திரிக் கொட்டையை உடைத்தவர். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பொசுங்கிய அவர் விரல் நுனிகள் கடைசிவரை கறுத்தே இருந்தன. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சோறு போட்ட தொழில் அது. ஆலை மூடியபின் ஓடு சரிந்து, கொட்டை வறுத்த புகைக்கரி சுவரில் அப்படியே இருக்க, வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. வாடகைக்கு எடுத்தபோது சுவரை வெள்ளையடிக்க வேண்டாம் என்று சொன்னவர்கள் பையன்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தல்லிய நீளப் பலகைகளே இப்போது படிக்கும் மேசைகள். கேரம், செஸ், கம்பி அறுந்து அறுந்து மாற்றப்பட்ட ஒரு கிட்டார், இரண்டு அலமாரிப் புத்தகங்கள், அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு மூலை, கருப்பட்டிக் காப்பி, சில நாட்களில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். காப்பிக்கு விலை எழுதவில்லை. ஒரு தகரப்பெட்டி இருக்கிறது, போடுகிறவர் போடலாம்.

ஏன் இப்படி ஓர் இடம்? எங்கள் ஊர்களில் இளைஞர்கள் உட்கார எது இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். படித்து முடித்து, வெளிநாட்டு விசாவுக்கோ தேர்வு முடிவுக்கோ காத்திருக்கும் பட்டதாரிகள் வீட்டுக்கு வீடு உண்டு. கடற்கரைப் பையன்களின் நிலை வேறு. தூத்தூர்ப் பகுதியினர் ஆழ்கடல் தொழிலுக்குப் பெயர்பெற்றவர்கள். வாரக்கணக்கில் கடலில் இருந்துவிட்டுக் கை நிறையப் பணத்தோடும் கை நிறைய ஓய்வோடும் கரையேறுவார்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் தகப்பனையும் அண்ணனையும் கொண்டுபோனது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இப்போது தாங்களே கடலுக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். கரையில் இருக்கும் நாட்களில் அவர்களை வரவேற்க மதுக்கடை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. சபைக்கு ஞாயிறு காலை மட்டுமே நேரம் இருக்கிறது.

கூடத்தைத் திறந்தபோது இரண்டு பக்கமிருந்தும் கேள்வி வந்தது. சபையின் மூப்பர் ஒருவர், தினமும் ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் சாயாக்கடை என்றார். கோயில் தெருவைச் சேர்ந்த ஒரு தகப்பனார் என் கணவரைத் தனியே அழைத்து, “எனக்க பய அங்க வாறான், மதம் மாத்துற வேலை ஒண்ணும் இல்லல்லா தம்பி?” என்று நேராகவே கேட்டார். அவர் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. 1982-இல் மண்டைக்காட்டில் வெடித்த கலவரத்தை இந்த மாவட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யாரும் மறக்கவில்லை. ஒரே சந்தையில் மீனும் தேங்காயும் மாற்றிக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் கண்டு அஞ்சிய நாட்கள் அவை. அந்த நினைவை வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லியாக வேண்டும்.

பதிலை நாங்கள் லேவியராகமத்திலிருந்து எடுத்தோம். வயலை அறுக்கும்போது ஓரங்களைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்பது அங்குள்ள கட்டளை. அதில் நான் கவனித்தது, ஓரத்தில் பொறுக்க வருபவர் வயலுக்குச் சொந்தக்காரரிடம் நன்றி சொல்ல வேண்டும் என்றோ, அவர் வீட்டில் வேலை செய்ய வேண்டும் என்றோ, அவர் வணங்கும் விதத்தில் வணங்க வேண்டும் என்றோ எந்த நிபந்தனையும் இல்லை என்பதுதான். மோவாபியப் பெண்ணான ரூத் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்கியது அந்த உரிமையில். அந்த ஓரம் கொடையே அல்ல. சொந்தக்காரர் தொடக் கூடாத பங்கு. எங்கள் தொழில்களின் வருமானத்தில் கூடத்துக்காக ஒதுக்குவதை நாங்கள் அப்படியே கருதுகிறோம். ஆகவே அங்கே கட்டாய ஜெபம் இல்லை. ஜெபிக்க விரும்புகிறவர்களுக்குப் பின்பக்கம் பழைய எடைபோடும் அறை இருக்கிறது, திறந்தே இருக்கும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும் பையன்களும் சாமிதோப்புத் திருநாளுக்குப் போய்வந்து நாமம் கலையாமல் வரும் பையன்களும் கேரம் பலகையில் ஒரே அணியில் ஆடுவார்கள். கட்சிக் கொடி, சாதிச் சங்கத் துண்டறிக்கை, மது, கஞ்சா ஆகியவற்றுக்கு இடமில்லை. இந்த விதியில் தளர்வு இல்லை. மூப்பருக்கு இந்தப் பதில் இன்னும் திருப்தி அளிக்கவில்லை. பவுல் எபேசுவில் ஜெப ஆலயத்தைவிட்டு விலகியபின் திறன்னு என்பவனுடைய பாடசாலையில் இரண்டு ஆண்டுகள் பேசினாரே, அந்தக் கட்டடத்துக்கும் சிலுவை இருந்திருக்காதே என்று என் கணவர் அவரிடம் சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். ஆனால் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தாம் எடுத்த இரண்டு மட்டிப்பழக் குலைகளையும் கூடத்துக்கே அனுப்பிவைத்தார்.

இதே காரணத்தால் கூடத்துக்கும் தொழிலுக்கும் கணக்கு தனித்தனி. கூடத்துக்கு வரும் பையன்களைக் கொண்டு பெட்டி கட்டவும் புட்டி கழுவவும் இலவசமாக வேலை வாங்குவது மிகவும் எளிது, அவர்களும் மகிழ்ச்சியோடு செய்வார்கள். அதைச் சேவை என்று சொல்லிக்கொள்ளலாம். யாராவது வேலை செய்ய வந்தால் வெளியாளுக்கு என்ன கூலியோ அதுவே சனிக்கிழமை அவருக்கும்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கூடத்தின் படம் பொய்யாகிவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் ஆண்பிள்ளைகள் நிறைந்த இடத்துக்குத் தங்கள் மகளை அனுப்பும் வீடு எங்கள் ஊரில் இல்லை. சட்டமோ உபதேசமோ அதை மாற்றாது. சனிக்கிழமை காலையை அவர்களுக்கென்று ஒதுக்கினோம். இது பழமைவாதம் என்று சென்னையிலிருந்து வந்த ஒரு தோழி சொன்னாள். இருக்கலாம், ஆனால் வராமல் இருப்பதைவிடச் சனிக்கிழமை வருவது மேல். பழைய ரேந்தை வடிவங்களைக் கணினியில் வரைந்து, குறிப்பேட்டு அட்டைக்கும் துணிப்பைக்கும் மாற்றியது அந்தக் காலை நேரத்துப் பிள்ளைகள்தான். நாங்கள் அவர்களிடமிருந்து வடிவத்துக்கு விலை கொடுத்து வாங்குகிறோம்.

இப்போது கூடத்தின் பையன்கள் நான்கைந்து பேர் சேர்ந்து சட்டைகளில் அச்சடிக்கும் தொழில் ஒன்றைத் தொடங்கப் போகிறார்கள். முந்திரி வறுத்த அடுப்பிருந்த மூலையை வாடகைக்குக் கேட்டார்கள். கன்னியாகுமரியில் ஞாயிறு கடைபோடுவதுதான் அவர்கள் திட்டமே. நாங்கள் ஞாயிறு பூட்டுகிறவர்கள் என்று தெரிந்தும் அதை மறைக்காமல் முதலிலேயே சொன்னார்கள். எங்களுக்குள் இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது. சனிக்கிழமைக் கூலியையும் உண்மையான தாளையும் ஞாயிறு பூட்டையும் நாங்கள் எங்கள்மேல் போட்டுக்கொண்டோமே தவிர வாடகைக்கு வருபவர்மேல் போடுவதற்காக அல்ல என்ற என் பேச்சுக்கு இறுதியில் மற்றவர்கள் இசைந்தார்கள். வாடகை ஊரில் நடப்பில் உள்ள அளவு, சலுகை கிடையாது, முன்பணம் இரண்டு தவணையாக. சாயம் கலக்கும் வாளிகளை ஓலைக்குச் சாயம் காய்ச்சும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று மட்டும் பெட்டி முடையும் பாட்டி நிபந்தனை போட்டிருக்கிறார். அதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.